நான் போட்டது ஏழு, அவர் போட்டது நாலு

மாஜோங் பழக ஆரம்பித்ததிலிருந்து ஒரே ஒரு விதி மட்டும் எனக்கு வயிற்றெரிச்சலாகவே இருந்தது. மற்றதையெல்லாம் சரி, ஜப்பான்காரர்கள் இப்படித்தான் ஆடுகிறார்கள் போலிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டுவிட்டேன். இதை மட்டும் முடியவில்லை. ஃபூரிதென் என்று அதற்குப் பெயர். நீங்கள் காத்திருக்கும் காயை ஏற்கெனவே ஒருமுறை கீழே போட்டிருந்தால், அடுத்தவர் அதைப் போடும்போது எடுத்து ஜெயிக்க முடியாது. இந்த அளவோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு காய்களில் எது வந்தாலும் ஜெயிப்பு என்ற நிலையில் நீங்கள் இருந்து, அதில் ஒன்றை முன்பு போட்டிருந்தால், மற்றொன்றும் சேர்ந்து போய்விடும். ஒருவன் செய்ததற்கு அண்ணன் தம்பி இரண்டு பேரையும் உள்ளே தள்ளுகிற கதைதான்.

மாஜோங் என்றதும் பலருக்கு விண்டோஸ் விஸ்டாவோடு வந்த, ஒரே மாதிரிக் காய்களை ஜோடி ஜோடியாக எடுக்கும் விளையாட்டுதான் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் காய்கள் மட்டும்தான் பொது. நான் சொல்வது நாலு பேர் உட்கார்ந்து ஆடுவது. அதிலும் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இன்றைய உருவத்துக்கு வந்த ரீச்சி மாஜோங். பதின்மூன்று சீட்டு ரம்மி தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்த கலை. கையில் 13 காய். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். மூன்று மூன்றாக நாலு செட்டும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. எழுத்து, வட்டம், மூங்கில் என்று மூன்று இனம், ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை. அப்புறம் நாலு திசைக் காற்று, வெள்ளை பச்சை சிவப்பு என்று மூன்று டிராகன். எல்லாவற்றிலும் நாலு நாலு, ஆக மொத்தம் 136.

நான் உள்ளே வந்தது வீடியோ கேம் வாசல் வழியாக. யாகுசா தொடரில் கதாநாயகன் அடிதடியை ஓரமாக வைத்துவிட்டுத் தெருவில் சுற்றினால் ஒரு மாஜோங் கடை வரும். உள்ளே போய் உட்காரலாம். ஃபைனல் ஃபேண்டஸி 14 விளையாட்டிலும் 2019-இல் இதைச் சேர்த்தார்கள். ஜப்பானுக்கு வெளியே ரீச்சி ஆடுகிறவர்களைக் கேட்டால் பல பேர் இப்படி ஏதோ ஒரு பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அங்கிருந்து கைப்பேசிச் செயலி, அங்கிருந்து நிஜ மேஜை. என் வழியும் அதுதான்.

இனி அந்த வயிற்றெரிச்சல் கை. செயலியில் ஓர் இரவு ஆட்டம். என்னிடம் இருந்தது: எழுத்தில் இரண்டு மூன்று நாலு, வட்டத்தில் மூன்று நாலு ஐந்தும் ஆறு ஏழு எட்டும், எழுத்தில் எட்டு ஜோடி, மூங்கிலில் ஐந்தும் ஆறும். நாலு மூங்கில் வந்தாலும் சரி, ஏழு மூங்கில் வந்தாலும் சரி. ஓரக் காய், அதாவது ஒன்றோ ஒன்பதோ, ஒன்றுகூட இல்லாத, பார்க்கவே அழகான கை. ஆட்டத்தின் தொடக்கத்தில், கை எந்தத் திசையில் போகும் என்றே தெரியாத நேரத்தில், ஏழு மூங்கில் ஒன்றைக் கழித்திருந்தேன். இப்போது எதிரில் இருந்தவர் நாலு மூங்கிலைப் போட்டார். ஜெயிப்பதற்கான பொத்தான் வரவில்லை. அடுத்த சுற்றில் இடது பக்கத்துக்காரரும் நாலு மூங்கிலைப் போட்டார். அப்போதும் வரவில்லை. திரையின் ஓரத்தில் ஃபூரிதென் என்று ஒரு சின்ன எழுத்து மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. நான் போட்டது ஏழு. அவர்கள் போட்டது நாலு. இதில் எனக்கும் அந்த நாலுக்கும் என்ன பகை?

இதை ஒசாகாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் வந்த நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் வீட்டில்தான் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த காய்ப்பெட்டி இருக்கிறது, சனிக்கிழமை மேஜையும் அங்கேதான். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "நீங்க உங்க கையை மட்டும் பார்த்துட்டுப் பேசறீங்க. மத்த மூணு பேர் எடத்துல ஒரு தரம் உட்கார்ந்து பாருங்க." அன்றைக்கு அது எனக்குச் சமாளிப்பாகத்தான் பட்டது.

குவியலும் வரிசையும்

சிங்கப்பூரில் மாஜோங் சத்தத்துக்குக் குறைவில்லை. சீனப் புத்தாண்டு வந்தால் மாடிக்கு மாடி கேட்கும். அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் துக்க வீடு நடந்தால் இரவு முழுக்க விழித்திருக்க ஒரு மேஜையில் ஆட்டம் ஓடும். இங்கே ஆடுவது வேறு வகை. பூக்காய்கள் உண்டு, பூனை, எலி, சேவல், பூரான் என்று நாலு மிருகக் காய்களும் உண்டு. சேர்த்தால் 148. எங்கள் மாடியில் இருக்கும் ஆன்ட்டி ஒரு புத்தாண்டில் ஆள் குறைந்தபோது என்னையும் இழுத்து உட்கார வைத்தார். அங்கே போட்ட காய்களெல்லாம் மேஜை நடுவில் ஒரே குவியல். யார் எதைப் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று அதைப் பார்த்து ஒரு மனிதனும் சொல்ல முடியாது. நான் குவியலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த ஆன்ட்டி, போனதைப் பார்த்து என்னப்பா செய்யப் போகிறாய், கையைப் பார் என்றார். அந்த ஆட்டத்துக்கு அது நல்ல அறிவுரைதான். வேகம், சிரிப்பு, நடுநடுவே ஆரஞ்சுப் பழம் என்று போகிற ஆட்டம் அது. நினைவாற்றல் உள்ளவர்கள் குவியலிலிருந்தும் ஏதாவது கண்டுபிடிப்பார்கள். ஆனால் மேஜை அவர்களுக்கு உதவாது.

ரீச்சி மேஜையில் குவியல் கிடையாது. ஒவ்வொருவரும் தான் போட்ட காய்களைத் தனக்கு முன்னால், இடமிருந்து வலமாக, வரிசைக்கு ஆறு ஆறாக அடுக்க வேண்டும். முதலில் நான் இதை ஜப்பானியர்களின் சுத்தப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். செருப்பை வாசலில் திருப்பி வைப்பது மாதிரி ஏதோ ஒன்று. செயலியில் இது தானாகவே நடந்துவிடுவதால் கேள்வி எழவும் இல்லை. நிஜ மேஜையில் வரிசை கோணினால் நண்பர் விரல் நீட்டிச் சரிசெய்யச் சொல்வார். அடுத்தவர் போட்டதை நீங்கள் எடுத்துச் செட் சேர்த்தால், அந்தக் காயைப் படுக்க வைத்து, யாரிடமிருந்து எடுத்தீர்களோ அந்தப் பக்கம் தெரியும்படி வைக்க வேண்டும். இடது பக்கத்தவரிடமிருந்து வந்தது என்றால் இடது ஓரத்தில், எதிரில் இருப்பவரிடமிருந்து என்றால் நடுவில். ஒருவர் போட்ட காய் அவருடைய வரிசையைவிட்டுப் போய்விட்டாலும் அது அவர் போட்டதுதான் என்பது மறந்துவிடக்கூடாது. ஃபூரிதென் கணக்கில் அதுவும் சேரும். இவ்வளவு கறாராகக் கணக்கு வைப்பது யாருக்காக என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

எட்டு எழுத்து

விடை ஒரு சனிக்கிழமை தோற்றுப்போன கையில் கிடைத்தது. தோற்றது என்றும் சொல்ல முடியாது, அதுதான் விஷயமே.

எனக்கு எதிரில் இருந்தவர் தன் எட்டாவது காயைப் படுக்க வைத்து ரீச்சி சொன்னார். ரீச்சி என்றால் என் கை தயார் நிலையில் இருக்கிறது, இன்னும் ஒரே ஒரு காய் வந்தால் ஜெயிப்பு என்று ஊரறிய அறிவிப்பது. அறிவித்தவர் நடுவில் சிவப்புப் புள்ளி ஒன்று போட்ட 1000 புள்ளிக் குச்சியை மேஜையில் வைக்க வேண்டும். அதன்பின் அவர் தன் கையை மாற்ற முடியாது. வருவது ஜெயிப்புக் காய் இல்லையென்றால் அப்படியே போட வேண்டியதுதான். இதற்குப் பதிலாகக் கையின் மதிப்பு கூடும். பொதுவாக எல்லோரும் 25,000 புள்ளியில் ஆரம்பிக்கிற ஆட்டத்தில், ஓரளவு நல்ல கை ஒன்று 8000 வரை போகும். அந்த 8000-ஐயும் காயைப் போட்டவர் ஒருவரே கட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பங்கு போட வரமாட்டார்.

அவருடைய வரிசை இன்னும் கண்ணில் இருக்கிறது. மேல் வரிசையில் வடக்கு, ஒன்பது வட்டம், ஒன்று எழுத்து, வெள்ளை, எட்டு எழுத்து, நாலு மூங்கில். கீழ் வரிசையில் ஆறு வட்டம், படுக்க வைத்த இரண்டு எழுத்து. என் கைக்கோ இன்னும் ஒரு காய் வந்தால் தயார் நிலை. கையை முன்னே கொண்டுபோக வேண்டுமானால் நான் ஐந்து மூங்கிலைப் போட வேண்டும். ரம்மியில் பழகிய விரல் நேராக அதற்குத்தான் போயிற்று. ரம்மியில் நமக்கு வேண்டாதது வேண்டாததுதான், தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த சீட்டைப் பார்ப்போம். பக்கத்தில் இருப்பவர் ஓப்பன் கார்டை எடுத்துவிடுவாரோ என்ற பயம் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். கை தேறாது என்றால் ஸ்கூட் விட்டுவிட்டு, அதற்கான புள்ளியை எழுதிக்கொண்டு, டீ போடப் போய்விடலாம். மாஜோங்கில் ஸ்கூட் கிடையாது. கை செத்துவிட்டாலும் நீங்கள் மேஜையில் இருந்தாக வேண்டும், முறை வரும்போதெல்லாம் ஒரு காயைப் போட்டாக வேண்டும். போடும் ஒவ்வொரு காயும் 8000 புள்ளிக் கேள்வி.

ஐந்து மூங்கிலைத் தூக்கியவன் கீழே வைத்துவிட்டு என் கையை இன்னொரு தரம் பார்த்தேன். எட்டு எழுத்து ஜோடியாக இருந்தது. அவர் வரிசையில் ஐந்தாவது காய், எட்டு எழுத்து. அவர் அதைப் போட்டிருக்கிறார். அதனால் எட்டு எழுத்தை வைத்து அவர் என்னிடம் ஜெயிக்க முடியாது. முடியாது என்றால் அநேகமாக முடியாது, பெரும்பாலும் முடியாது என்பதில்லை. விதிப்படியே முடியாது. அவர் கைக்குள் என்ன இருந்தாலும் சரி, நான் அதைப் போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஏன்? ஃபூரிதென்.

இத்தனை நாள் என் பையிலிருந்து திருடிய விதி, இப்போது என் வீட்டு வாசலில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தது. எட்டு எழுத்தைப் போட்டேன். என் ஜோடி உடைந்தது, கை செத்தது. அடுத்த முறை இன்னொரு எட்டு எழுத்து. இதற்குள் இடது பக்கத்து ஆள் மூன்று எழுத்தைப் போட்டார், எதிரில் இருந்தவர் எடுக்கவில்லை. ரீச்சி சொன்னவர் ஒரு ஜெயிப்புக் காயை விட்டுவிட்டால் அந்தக் கை முடியும்வரை யார் போடுவதையும் எடுத்து ஜெயிக்க முடியாது. தானே எடுத்தால்தான் உண்டு. ஆக, ரீச்சிக்குப் பிறகு யார் எதைப் போட்டு அது தாண்டிப் போனாலும், அந்தக் காயும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. எனக்கு மூன்று எழுத்து வந்தது, அதையும் போட்டேன். அப்புறம் ஒன்பது வட்டம். பட்டியல் தீர்ந்தபோது ஒன்று மூங்கில்.

அந்த ஒன்று மூங்கிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர் ஒன்று மூங்கிலைப் போட்டிருக்கவில்லை, நாலு மூங்கிலைத்தான் போட்டிருந்தார். இரண்டும் மூன்றும் கையில் வைத்துக் காத்திருப்பவருக்கு ஒன்றும் ஆகும், நாலும் ஆகும். நாலை அவரே போட்டுவிட்டதால், ஃபூரிதென் விதிப்படி ஒன்றையும் அவர் எடுக்க முடியாது. இருபக்கமும் காத்திருக்கும் கைதான் மிகச் சாதாரணமானது என்பதால் இந்தக் கணக்கு அடிக்கடி உதவும். ஜப்பானியர் இதைச் சுஜி என்கிறார்கள். ஒன்று-நாலு-ஏழு ஒரு கோடு, இரண்டு-ஐந்து-எட்டு ஒரு கோடு, மூன்று-ஆறு-ஒன்பது ஒரு கோடு. நடுக்காய் போயிருந்தால் இரண்டு ஓரமும் ஓரளவு நிம்மதி. கவனியுங்கள், என்னை எரிச்சல்படுத்திய கையும் இதே நாலும் ஏழும்தான். ஏழைப் போட்டால் நாலும் போகும் என்ற அந்த அநியாயம் இல்லையென்றால் சுஜி என்று ஒன்று இருக்கவே முடியாது.

கடைசியில் யாரும் ஜெயிக்காமல் காய்கள் தீர்ந்தன. தயார் நிலையில் இருப்பவர் கையைத் திறந்து காட்ட வேண்டும். எதிரில் இருந்தவர் திறந்தார். மூங்கிலில் ஆறு, ஏழு. ஐந்துக்கும் எட்டுக்கும் காத்திருந்திருக்கிறார். டோரா என்ற கூடுதல் மதிப்புக் காய்கள் இரண்டு, ஓரக் காய் இல்லாத கை. குறைந்தது 8000. நான் தூக்கிவிட்டு வைத்த ஐந்து மூங்கில் என் முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தயார் நிலையில் அவர் ஒருவர் மட்டுமே இருந்ததால் மற்ற மூவரும் ஆளுக்கு 1000 கொடுத்தோம். 1000 புள்ளியைக் கொடுத்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்தவருக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை.

உண்மை இருந்தால் பொய்யும் வரும்

அதற்கப்புறம் இந்த ஆட்டத்தை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். நாலு பேர் ஆடினால் ஒரு கையை வழக்கமாக ஒருவர்தான் ஜெயிக்கிறார். தேர்ந்தவர்கள்கூட ஐந்தில் ஒரு கை, நாலில் ஒரு கை என்ற அளவில்தான் ஜெயிக்கிறார்கள். மீதி நேரம் முழுக்க அவர்கள் செய்வது தோற்காமல் இருப்பது. வீட்டுப் பாடமாக ஜெயிப்புக் கைகளின் பட்டியலை மனப்பாடம் செய்கிற புதியவர்களிடம் நான் இப்போது சொல்வது, ஓரக் காயில்லாத கை, டிராகன் மூன்று, ரீச்சி என்று மூன்றே மூன்றை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், மிச்ச நேரத்தை அடுத்தவர் வரிசையைப் பார்ப்பதில் செலவழியுங்கள் என்பதுதான். மைக்ரோசாஃப்ட்டின் ஆசிய ஆய்வகம் உருவாக்கிய சூபிக்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு 2019-இல் தென்ஹோ என்ற ஜப்பானிய இணையதளத்தில் 10-ஆம் டான் என்ற உயர்ந்த தரத்தைத் தொட்டது. அது மிகப் பெரிய கைகளைக் கட்டியதைவிட அதன் தற்காப்பைத்தான் அதிகம் பேசினார்கள். கை நன்றாக இருக்கும்போதே பின்னால் உதவும் என்று ஒரு பாதுகாப்பான காயை ஒதுக்கி வைத்துக்கொள்ளுமாம். ரம்மிக்காரனுக்கு இது அசட்டுத்தனமாகத் தெரியும். உதவாத சீட்டை யாராவது அடைகாப்பார்களா?

ஆனால் வரிசை உண்மையைச் சொல்லும் என்று எல்லோருக்கும் தெரிந்த பின் ஒரு சிக்கல் வருகிறது. ஒன்று, மூன்று, ஐந்து என்று கையில் இருக்கும்போது ஐந்தைப் போட்டு ரீச்சி சொல்லிவிட்டு, ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே இரண்டுக்காகக் காத்திருக்கலாம். ஐந்து போயிருப்பதால் இரண்டு நிம்மதி என்று சுஜி கணக்குப் போடுகிறவர் நேராக வந்து விழுவார். ஃபூரிதென் இதைத் தடுக்காது, ஏனென்றால் ஐந்து இவருடைய ஜெயிப்புக் காயே இல்லை. எங்கள் மேஜையில் ஒருவருக்கு இதில் தனி ருசி. அவர் ஐந்தைப் படுக்க வைத்தால் இப்போது யாரும் இரண்டையும் எட்டையும் தொடுவதில்லை. அது அவருக்கும் தெரிந்துவிட்டதால் சில நேரம் உண்மையாகவே வேறு எதற்கோ காத்திருக்கிறார். அடித்துப் பேசுகிற அரசியல்வாதி ஒரு நாள் உண்மையைச் சொன்னால் யார் நம்புவது என்ற நிலைமை. இந்த ஏமாற்று வேலைக்கும் அடித்தளம் அந்த விதிதான். குவியல் மேஜையில் இப்படிப் பொய் சொல்லவும் வழியில்லை, கேட்க ஆளில்லை.

செயலியில் ஆடிய காலத்தில் இதெல்லாம் ஏன் உறைக்கவில்லை என்று யோசித்தால், அது நம்மை ரொம்பப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது என்று தோன்றுகிறது. ஃபூரிதென்னில் இருந்தால் பொத்தானே வராது. புள்ளிக் கணக்கு தானாக வரும். நிஜ மேஜையில் பொத்தான் ஏது? ஃபூரிதென்னில் இருந்துகொண்டு, அடுத்தவர் போட்ட காயில் ஜெயித்துவிட்டேன் என்பதற்கு ரோன் என்று கூவிக் கையைத் திறந்துவிட்டால் அது சோம்போ. ஒரு பெரிய கைக்கான புள்ளியை எல்லோருக்கும் நீங்களே எண்ணிக் கொடுக்க வேண்டும். அதனால் கூவும் முன் கண் தானாகத் தன் வரிசைக்குப் போய்விட்டு வருகிறது. அடுத்தவர் காயை எடுத்தவுடன் அதையே போட்டாரா, கைக்குள் வைத்துவிட்டு வேறொன்றை உருவிப் போட்டாரா என்பதும் மேஜையில்தான் கண்ணில் படுகிறது. உருவிப் போட்டால் கை மாறியிருக்கிறது என்று அர்த்தம். வேகமாகப் பழக, கூப்பிட்ட நேரத்துக்கு மூன்று பேர் கிடைக்க, செயலியை மிஞ்ச முடியாது, இன்றும் ரயிலில் ஆடுகிறேன். விதி எதற்கு இருக்கிறது என்பதை மட்டும் அது வாய்திறந்து சொல்வதில்லை.

எல்லாம் சமாதானமாகிவிட்டது என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. ஆனால் இதே விதிக்கு ஒரு வால் இருக்கிறது. மூங்கிலில் இரண்டும் மூன்றும் வைத்து ஒன்றுக்கும் நாலுக்கும் காத்திருக்கிறேன் என்று வையுங்கள். நடுவில் ஒரு முறை அடுத்தவர் காயை எடுத்துக் கையைத் திறந்துவிட்டதால், ஓரக் காயில்லாத கை என்ற ஒரே தகுதியை நம்பித்தான் என் பிழைப்பு. நாலு வந்தால் ஜெயிப்பு. ஒன்று வந்தால் அது ஓரக் காய், தகுதி போய்விடும், ஜெயிக்க விதியே அனுமதிக்காது. இப்போது வலது பக்கத்தவர் ஒன்று மூங்கிலைப் போடுகிறார். எடுக்க முடியாது, சரி. உடனே எதிரில் இருப்பவர் நாலு மூங்கிலைப் போடுகிறார். அதையும் எடுக்கக் கூடாதாம்! ஒன்றை விட்டுவிட்டாயே, அதனால் உன் அடுத்த முறை வரும்வரை ஃபூரிதென். நண்பர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார். ஒன்று தாண்டிப் போனதைப் பார்த்துத்தானே எதிரில் இருப்பவர் தைரியமாக நாலைப் போட்டார், உங்கள் கைக்குள் தகுதி இருந்ததா இல்லையா என்று அவர் எப்படிக் கண்டார் என்கிறார். வாதம் புரிகிறது. எட்டு எழுத்துக்கு நான் பட்ட நன்றிக்கடனும் நினைவிருக்கிறது. ஆனாலும் விதியே எடுக்காதே என்று கையைக் கட்டிவிட்டு, அதே விதியே ஏன் எடுக்கவில்லை என்று அடிப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. போன சனிக்கிழமையும் இதற்காக அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவர் பக்கம் மூன்று பேர், என் பக்கம் நான் மட்டும்.